காற்றுக்கு வந்த பணத்தில் நம் பங்கு எங்கே?



ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு இதை எழுதுகிறேன். எர்ணாவூரில் காற்று மேல்காற்றாகத் திரும்பிவிட்டது. ஜன்னலைச் சாத்தியாகிவிட்டது, கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்தாகிவிட்டது, ஆனாலும் தொண்டையில் அந்தக் கசப்பு இறங்குகிறது. எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது. அந்த வீட்டு அக்கா, நாற்றம் வந்த நேரத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், சடையங்குப்பம், சின்னசேக்காடு, அத்திப்பட்டு, கொடுங்கையூர் என்று வடசென்னையில் இதே நேரத்தில் விழித்திருக்கும் எல்லாருக்கும் இந்தக் கடிதம். நேரம் குறைவு, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2026 மார்ச் 31-ஆம் தேதியோடு 15-வது நிதிக்குழுவின் காலம் முடிகிறது. தேசியத் தூய காற்றுத் திட்டம் தனக்கு வைத்துக்கொண்ட கெடுவும் 2025-26தான். ஏப்ரல் 1 முதல் 16-வது நிதிக்குழுவின் ஐந்தாண்டு தொடங்குகிறது. பழைய பேரேட்டை மூடிப் புதுப் பேரேட்டைத் திறக்கிற சமயம் இது. காற்றுக்கென்று எவ்வளவு, அது யார் கையில், எதற்காக என்பதை டெல்லியிலும் கோட்டையிலும் ரிப்பன் மாளிகையிலும் பேசித் தீர்க்கப்போகும் மாதங்கள் இவை. இப்போது வாய் திறக்காவிட்டால் இன்னும் ஐந்து வருடத்துக்கு நம் பெயர் அந்தப் பேரேட்டில் ஏறாது.

போன ஐந்தாண்டில் என்ன நடந்தது என்று ஒருமுறை கணக்குப் பார்த்துவிடுவோம். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 42 நகர்ப்பகுதிகளின் காற்றுக்காக, 2021 முதல் 2026 வரை 12,139 கோடி ரூபாய் என்று 15-வது நிதிக்குழு பரிந்துரைத்தது. சென்னை, மதுரை, திருச்சி மூன்றும் அதற்குள் வந்தன. தூத்துக்குடி தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. ஆக, பணமே இல்லை என்று யாரும் நம்மிடம் சொல்ல முடியாது. பணம் எங்கே போனது என்பதுதான் கேள்வி. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-ல் நாடு முழுவதற்குமான செலவைத் தலைப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்தது. செலவானதில் 64 சதவீதம் சாலைப் புழுதியை அடக்கப் போயிருக்கிறது. தொழிற்சாலைப் புகைக்குப் போனது 0.61 சதவீதம். நூறு ரூபாயில் அறுபத்தோரு காசு.

இதற்குக் காரணம் உண்டு. ஒரு நகரம் தேறியதா இல்லையா என்று பார்க்க அரசு கையில் எடுத்த அளவுகோல் பிஎம் 10. அதாவது பெரிய தூசு. பெரிய தூசைக் குறைத்துக் காட்டினால் அடுத்த தவணை வரும். சாலையைப் பெருக்கும் வண்டி வாங்கினால், தண்ணீர் தெளிக்கும் லாரி விட்டால், நடைபாதைக்குக் கல் பதித்தால் அந்த எண் கொஞ்சம் இறங்கும். மாநகராட்சியும் தன் கைக்கு எட்டியதைச் செய்தது. கண்டெய்னர் லாரிகள் மணலி சாலையில் கிளப்பும் புழுதியும் நம் எதிரிதான், மறுக்கவில்லை. ஆனால் நுரையீரலின் அடிவரை போகும் பிஎம் 2.5 துகளைப் பெருக்கும் வண்டி பிடிக்குமா? அனல்மின் நிலையத்துக் கந்தக டை ஆக்சைடு தண்ணீர் லாரிக்கு அடங்குமா? அந்தக் கந்தகத்தைப் புகைபோக்கியிலேயே பிடிக்க வேண்டும் என்று விதி போட்டது 2015 டிசம்பரில். பத்து வருடமாகக் கெடுவைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் மிக மோசமாக மாசுபட்டவை என்று நாட்டில் 43 தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலியும் அதில் இருந்தது. 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை உயர் நீதிமன்றம் நிறுத்தியது. ராயபுரத்துக்காரர்கள் வீட்டுத் திண்ணையில் படிந்த கரி குறைந்தது, அவர்களுக்காக மனதார மகிழ்கிறேன். அந்த நிலக்கரி எங்கே வந்தது? எண்ணூர்த் துறைமுகத்துக்கு. ஒரு குப்பத்துக் கரியை இன்னொரு குப்பத்துக்கு மாற்றிவிடுவதுதான் இதுவரை நமக்குக் கிடைத்த தீர்வு.

2023 டிசம்பர் 26 ராத்திரியை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பமும் சின்னகுப்பமும் தூக்கத்திலிருந்து எழுந்தது அவரவர் கண்ணெரிச்சலாலும் நெஞ்சடைப்பாலும்தான். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் ஓடினால் பிழைக்கலாம் என்று தெரியாமல் ஜனங்கள் சாலையில் ஓடினார்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றையும் முகத்துவாரத்தையும் கறுப்பாக்கியிருந்தது. ஒரே மாதத்தில் இரண்டு அடி.

அந்த ராத்திரி எனக்குச் சொன்னது ஒன்றுதான். காற்று எந்தத் திசையில் போகிறது, அதில் என்ன இருக்கிறது என்பதை அந்தந்தத் தெருவே அறிந்திருக்க வேண்டும். அதற்குக் கருவி வேண்டும், பயிற்சி வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும். இவை மூன்றுக்கும் பணம் வேண்டும். சாலைப் புழுதிக்குப் போகும் 64 சதவீதத்தில் ஒரு துளியை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லித்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

இது நடக்காத காரியம் என்று நினைப்பவர்கள் கடலூரைப் பாருங்கள். நம் தமிழ்நாட்டில் இதை முதலில் செய்து காட்டியது சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள். 2004-ல் அவர்கள் தங்கள் மூக்கைப் பழக்கினார்கள். அழுகிய முட்டை, அழுகிய முட்டைக்கோஸ், நெயில் பாலிஷ், செத்த பிணம் என்று ஒவ்வொரு நாற்றத்துக்கும் ஒரு பெயர் வைத்து, எந்த ஆலை மதில் பக்கம், எத்தனை மணிக்கு, காற்று எங்கிருந்து, உடம்புக்கு என்ன ஆனது என்று எழுதினார்கள். பிறகு வாளியைக் கையில் எடுத்தார்கள். வாளி என்றால் நிஜமாகவே பிளாஸ்டிக் வாளி. மூடி போட்டு, உள்ளே ஒரு விசேஷப் பை தொங்கவிட்டு, சின்ன பம்பால் வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால், அந்த வெற்றிடத்தை நிரப்ப வெளிக்காற்று வால்வு வழியாகப் பைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சில நிமிட வேலை. பையைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் அதில் என்னென்ன வேதிப்பொருள் என்று சொல்லிவிடுவார்கள். கடலூர்க் காற்றில் இருபதுக்கும் மேற்பட்ட நச்சுகள் வந்தன, புற்றுநோய் உண்டாக்குபவையும் அவற்றில் இருந்தன. அதுவரை "வாடை கொஞ்சம் இருக்கும், அவ்வளவுதான்" என்று பேசியவர்களிடம் அந்தத் தாளை நீட்ட முடிந்தது.

வாளிக்கு ஆகும் செலவு சொற்பம். கூடத்துக்குக் கட்ட வேண்டிய தொகைதான் மலை. மீனவப் பெண் ஒருத்தி மாதம் முழுக்கக் கூடை சுமந்து சம்பாதிப்பது ஒரே ஒரு பைக்குப் போய்விடும். மானியம் வேண்டும் என்று நான் மன்றாடுவது இதனால்தான். மூக்கும் உழைப்பும் நம்மிடம் உண்டு. அந்தக் கூடத்துக் கட்டணமும் கருவியும் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும்.

அந்த வாளி அமெரிக்காவிலிருந்து வந்தது. கலிஃபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டி வாழ்ந்தவர்களுக்காக 1995-ல் உருவானது. பின்னர் அதே மாநிலம் 2017-ல் சட்டம் போட்டு, காற்று மாசால் அதிகம் அடிபட்ட பகுதிகளின் மக்கள் குழுக்களுக்கு அரசே நேரடியாக மானியம் தரும் வழியைத் திறந்தது. அங்கே இம்பீரியல் பள்ளத்தாக்கில், விவசாயக் கூலிகள் நிறைந்த ஊர்களில், ஒரு மக்கள் அமைப்பு பொதுப்பணத்தைப் பெற்று 40 கருவிகள் கொண்ட சொந்த வலைப்பின்னலை அமைத்தது. எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மாட்டுவது என்று முடிவு செய்தவர்கள் ஊர்க்காரர்கள். அமெரிக்க மத்திய அரசும் 2022-ல் 37 மாநிலங்களில் 132 காற்றுக் கண்காணிப்புத் திட்டங்களுக்கு 5 கோடி டாலருக்கு மேல் அறிவித்தது. 2025-ல் ஆட்சி மாறியதும் ஏழை மக்களின் சுற்றுச்சூழலுக்கென்று கொடுத்த மானியங்களை வரிசையாக ரத்து செய்தார்கள். வேலைக்கு எடுத்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் நிலை. இதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே குழாயில் வரும் தண்ணீரை நம்பி நாற்று விடக்கூடாது.

இனி நம் வீட்டு விஷயம். கசப்பாக இருந்தாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

போன வருடம் எங்கள் தெருக்குழு ஒரு அறக்கட்டளையிடம் விண்ணப்பித்தது. பெயர் வேண்டாம். படிவம் முழுக்க ஆங்கிலம். ஜெராக்ஸ் கடை பெஞ்சில் நானும் நோட்டு எழுதும் அக்காவும், கல்லூரிக்குப் போகும் அவர் மகளும் மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்தோம். "தாக்கத்தை அளக்கும் குறியீடுகள்" என்று ஒரு கட்டம். அக்கா கேட்டார்: "என்னம்மா கேக்குறாங்க?" மகள் சொன்னாள்: "காசு குடுத்தா என்ன மாறும்னு கேக்குறாங்கம்மா." அக்கா உடனே, "ராத்திரி நாத்தம் வந்தா யாருக்கு போன் பண்ணணும், என்ன சொல்லணும்னு எங்களுக்குத் தெரியும். அதை எழுது" என்றார். எழுதினோம். மூன்று வருடத் தணிக்கை அறிக்கை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்காவின் அந்தப் பதிலை அங்கே யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

அன்றைக்குக் கோபம் வந்தது. ஆறின பிறகு யோசித்தால், நம் பக்கத்துக் குறையும் கண்ணில் படுகிறது. மணலிப் பக்கத்துத் தோழர்கள் தனியாக ஒரு விண்ணப்பம், நாங்கள் தனியாக ஒன்று, கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று 2025-ல் கைகோத்து மனிதச்சங்கிலி நின்ற குடியிருப்போர் சங்கங்கள் தனியாக. ஒரே பானைக்கு மூன்று அகப்பை. காற்றே நம்மைச் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது, தோழர்களே. பகலில் கடலிலிருந்து வீசும் கொண்டல் புகையை மணலி, மாதவரம் பக்கம் தள்ளுகிறது. ராத்திரி தரைக்காற்று அதைத் திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் திருப்பி அனுப்புகிறது. மணலிக்காரர் எழுதும் நோட்டு பகல் பாதி, நாங்கள் எழுதுவது ராத்திரி பாதி. இரண்டையும் ஒட்டினால்தான் ஒரு நாள் முழுதாகும். பாதி நோட்டை எடுத்துக்கொண்டு போனால், "அந்த நேரத்தில் காற்று உங்கள் பக்கமே இல்லையே" என்று ஒரே வரியில் மூடிவிடுவார்கள்.

அதனால் விண்ணப்பம் ஒன்றுதான் போக வேண்டும். வடசென்னை முழுவதற்கும் சேர்த்து. நம்மில் பதிவு பெற்ற சங்கம் எது இருக்கிறதோ அது முன்னால் நிற்கட்டும், மற்றவர்கள் அதன் உறுப்பாக இருக்கட்டும். வரவு செலவை மாதாமாதம் குப்பத்துப் பலகையில் ஒட்ட வேண்டும், பேனா வாங்கினதிலிருந்து. சுய உதவிக்குழுவில் பத்து வருடமாக ஒரு காசு பிசகாமல் கணக்கு வைத்திருக்கும் பெண்கள் நம் நடுவே இருக்கிறார்கள், பொருளாளர் பொறுப்பு அவர்களிடம் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பான் எண், வங்கிக் கணக்கு, 12ஏ, 80ஜி, நிதி ஆயோக்கின் தர்ப்பண் பதிவு எல்லாம் தயாராக இருக்கட்டும். தகரப் பெட்டி ஒன்றில் மூலப்பிரதி, இன்னொருவர் வீட்டில் நகல். வெளிநாட்டுப் பணம் பற்றி ஆசை காட்டுவார்கள், எச்சரிக்கையாக இருங்கள். அதற்கென்று தனிச்சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கினாலும் அமைப்பையே இழுத்து மூடிவிடலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி பெற்ற அமைப்பு அந்தப் பணத்தை நமக்குப் பிரித்துக் கொடுக்கவும் வழியில்லை.

கருவி விஷயத்திலும் நேர்மை வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சின்னப் பெட்டி, லேசர் ஒளியைத் துகள்கள் சிதறடிப்பதைப் பார்த்து எண்ணுகிறது. கடலோரத்து ஈரத்தில் துகள் நீர் குடித்து உப்பிவிடும், பெட்டி கூடுதலாகக் காட்டும். அது காட்டும் எண்ணை அப்படியே பேனரில் அடித்துவிட்டால், மறுநாளே ஒரு நிபுணரைக் கூட்டிவந்து நம்மைப் பொய்யர்கள் ஆக்குவார்கள். மணலியிலும் கொடுங்கையூரிலும் அரசின் நிலையங்கள் இருக்கின்றன. நம் பெட்டியைச் சில வாரம் அவற்றின் பக்கத்தில் வைத்து, இரண்டும் எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்துத் திருத்திக்கொண்டால் நம் எண்ணுக்கு மதிப்பு வரும். பக்கத்தில் வைக்க இடம் கொடு என்பது நம் கோரிக்கையில் ஒன்றாக இருக்க வேண்டும். இன்னொன்று, இந்தப் பெட்டிக்குத் தூசு மட்டும்தான் தெரியும். அமோனியாவோ கந்தகமோ வந்தால் அது பேசாமல் இருக்கும். அதனால் நோட்டை மூடிவிடாதீர்கள்.

அந்த நோட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய நாற்பது பக்க நோட்டு, பால் கணக்கு எழுதுவதுபோல் கோடு போட்டது. ஒரு வரியை அப்படியே தருகிறேன்: "ராத்திரி 11.40. அழுகின முட்டை நாத்தம். காத்து மேக்கால இருந்து. பேத்திக்கு இருமல். 12.15க்கு கொறஞ்சுது." நேரம், நாற்றம், திசை, உடம்பு, எப்போது தணிந்தது, ஐந்தும் இருக்கிறது. இதற்கு மேல் எந்த விஞ்ஞானியும் முதல் தகவலாகக் கேட்கமாட்டார். கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் கச்சானா வாடையா கொண்டலா என்று முகத்தில் படுவதை வைத்தே சொல்லிவிடுவார்கள். அந்த அறிவுக்கும் சம்பளம் போட வேண்டும். கருவிக்கு லட்சம், ஆளுக்கு டீயும் வடையும் என்று வரும் மானியத்தை வாங்காதீர்கள். ராத்திரி விழித்து எழுதுகிறவருக்கு மாதச் சம்பளம் என்று திட்டத்தில் ஒரு தலைப்பு இருந்தே ஆக வேண்டும்.

ஆலைகளின் பணத்தைப் பற்றி. நிறுவனச் சட்டப்படி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் தெருவுக்கும் ஆள் வந்தார்கள். பாலர் பள்ளிக்குக் காற்றுச் சுத்திகரிப்பான் தருகிறோம், பெட்டியில் எங்கள் முத்திரை இருக்கும், திறப்பு விழாவில் ஒரு புகைப்படம் என்றார்கள். கூட்டம் போட்டுப் பேசினோம். குழந்தைகளுக்குத்தானே, வாங்கினால் என்ன என்று சொன்னவர்களும் உண்டு, அவர்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் எந்தப் புகைபோக்கியைப் பற்றி நோட்டில் எழுதுகிறோமோ அந்தப் புகைபோக்கிக்காரரின் பெட்டி பள்ளிச் சுவரில் தொங்கினால், அடுத்த ராத்திரி 11.40-க்குப் பேனா நகருமா? வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். இது நம் எல்லாருக்கும் பொது விதியாக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாசு செய்தவர் கட்ட வேண்டிய பணத்தை அரசு இழப்பீடாக வசூலிக்கட்டும், அது பொதுப்பணமாகி விதிப்படி நம்மிடம் வரட்டும். அவர் கையால் நேராக வேண்டாம்.

கோரிக்கையை இப்படி வைக்கலாம் என்று நினைக்கிறேன், கூட்டத்தில் திருத்துங்கள். காற்றுக்காக எந்தத் தலைப்பில் பணம் வந்தாலும் அதில் ஒரு நிரந்தரப் பங்கு மக்கள் குழுக்களுக்கு என்று ஆணையிலேயே எழுத வேண்டும். தமிழில் இரண்டு பக்கப் படிவம் போதும். முன்பணமாகத் தர வேண்டும், செலவு செய்துவிட்டு ரசீதோடு வா என்றால் கைமுதல் இல்லாத குப்பம் எப்படி வரும்? நாம் எடுக்கும் அளவை நாமே வெளியிடும் உரிமைக்குத் தடை கூடாது. நம் புகாருக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் இத்தனை மணிக்குள் ஆளை அனுப்ப வேண்டும் என்று கெடு வேண்டும். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடுகிறது, குளத்துக்கும் பூங்காவுக்கும் அது நடக்கிறது. காற்றுக்கும் அந்தக் கதவைத் திறக்கச் சொல்வோம். நம் பங்கை உழைப்பாகக் கணக்கில் எடுக்கச் சொல்வோம்.

இதைச் சொல்ல இடம் இருக்கிறது. 2022 முதல் வார்டு தோறும் பகுதி சபை உண்டு. பெரும்பாலும் தெருவிளக்கும் சாக்கடையும் பேசிவிட்டுக் கலைகிறோம். அடுத்த பகுதி சபையில் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை மண்டலங்களின் வார்டு எதுவானாலும் இந்த ஒரே தீர்மானம், ஒரே வாசகத்தில் போக வேண்டும். பதிவேட்டில் ஏறினதா என்று பார்த்து, நகல் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள். ஒரு வார்டிலிருந்து வந்தால் மனு, நாற்பது வார்டிலிருந்து வந்தால் அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

வரும் ஞாயிறு மாலை நான்கு மணி, எர்ணாவூர் குப்பத்தில் மீன்வலை பின்னும் கூடம். மணலிக்காரர்கள் பகல் நோட்டைக் கொண்டுவாருங்கள், நாங்கள் ராத்திரி நோட்டோடு இருப்போம். நோட்டு இல்லாதவர்கள் இன்று ராத்திரியே ஒன்றைத் தொடங்குங்கள், நான்கு நாள் வரி இருந்தாலும் போதும். சங்கப் பதிவுச் சான்று, வங்கிப் புத்தக நகல் இருந்தால் எடுத்து வரவும். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளை அழைத்து வாருங்கள், படிவத்தை வாய்விட்டுப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். நடக்க முடியாத பெரியவர்களுக்கு ஷேர் ஆட்டோ சொல்லியிருக்கிறேன். தீர்மானத்து வாசகத்தை அங்கேயே முடித்துக் கையெழுத்து வாங்கிவிடுவோம். எட்டு மணிக்குள் கலைந்துவிட்டால், மேல்காற்று திரும்புவதற்கு முன்னால் அவரவர் வீடு போய்ச் சேரலாம்.